கம்பியில் வராதது பீங்கானில் வருவது ஏன்? உயர் வெப்பநிலை மீக்கடத்திகள் பற்றி

ஒரு மாணவர் கேட்டிருக்கும் கேள்வி இது: “செம்பு, வெள்ளி, தங்கம் மூன்றும் முதல்தர மின்கடத்திகள். ஆனாலும் எவ்வளவு குளிர்வித்தாலும் அவை மின்தடையே இல்லாத மீக்கடத்தி ஆவதில்லை. அறை வெப்பநிலையில் சுமாராக மட்டுமே கடத்தும் ஒரு கறுப்புப் பீங்கான் வில்லை, மைனஸ் 180 டிகிரி செல்சியஸிலேயே மின்தடை முழுவதையும் இழந்துவிடுகிறது. அந்தப் பொருளுக்குள் அப்படி என்ன இருக்கிறது?”

இதற்கான விடையில் ஒரு பகுதி உறுதியாகத் தெரிந்தது. இன்னொரு பகுதி 1986-லிருந்து இன்றுவரை விவாதத்தில் இருப்பது. எது எந்தப் பகுதி என்று பிரித்தே சொல்கிறேன். நான் வந்து சேரும் இடத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண மீக்கடத்திகளில் எலக்ட்ரான்களை இணைசேர்த்து வைப்பது அணுக்களின் அதிர்வு. காப்பர் ஆக்சைடு வகை மீக்கடத்திகளில் அந்த வேலையைச் செய்வது, எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும் அதே விசைதான் என்பது பெரும்பாலான சான்றுகள் காட்டும் திசை. அந்த விலக்கம் பொருளைக் காந்த ஒழுங்குள்ள மின்காப்பானாக இறுக்கிவிடப் பார்க்கிறது. இறுக்கத்தைச் சரியான அளவுக்குத் தளர்த்தினால் மீக்கடத்துத்திறன் கிடைக்கிறது.

முதலில் பழைய கதை. 1911-ல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் காமர்லிங் ஆன்னஸின் ஆய்வகத்தில் பாதரசத்தைத் திரவ ஹீலியத்தில் குளிர்வித்தபோது, 4.2 கெல்வின் (0 கெல்வின் என்பது மைனஸ் 273 டிகிரி செல்சியஸ்) அருகே அதன் மின்தடை சட்டென்று காணாமல் போனது. ஏன் என்று விளங்க 46 ஆண்டுகள் ஆயின. 1957-ல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் விளக்கினார்கள். உலோகத்துக்குள் ஓடும் எலக்ட்ரான், தான் கடக்கும் இடத்திலுள்ள நேர்மின் அயனிகளைத் தன் பக்கம் லேசாக இழுக்கிறது. அயனிகள் கனமானவை, பழைய இடத்துக்குத் திரும்ப நேரம் எடுக்கும். எலக்ட்ரான் போய்விட்ட பிறகும் அங்கே கொஞ்சம் நேர்மின்சுமை கூடியிருக்கும். பின்னால் வரும் இன்னொரு எலக்ட்ரானை அது ஈர்க்கும். இப்படி, அணுக்கள் ஒழுங்காக அடுக்கிய அணிக்கோவையின் அதிர்வு வழியாக இரண்டு எலக்ட்ரான்கள் இணைகின்றன. இணைந்தவை எல்லாம் ஒரே குவாண்டம் நிலையில் சேர்ந்து நகரும்போது, தனி எலக்ட்ரானை அடித்துத் திருப்பும் சிறு தடைகளால் அந்தக் கூட்டத்தை ஒன்றும் செய்ய முடிவதில்லை. மின்தடை பூஜ்யமாகிறது.

செம்பு ஏன் மீக்கடத்தி ஆகவில்லை என்பதற்கு விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது. செம்பில் எலக்ட்ரான்களுக்கும் அணு அதிர்வுகளுக்கும் உள்ள தொடர்பு மிகவும் பலவீனம். அதனால்தான் அதிர்வுகளால் எலக்ட்ரான் அதிகம் சிதறுவதில்லை, அதனால்தான் அது அறை வெப்பநிலையில் நல்ல கடத்தி. அதே காரணத்தால் இணை சேர்க்கவும் அங்கே ஆள் இல்லை. ஈயம் நேர் எதிர். அதிர்வுத் தொடர்பு பலமாக இருப்பதால் அறை வெப்பநிலையில் சுமாரான கடத்தி, 7.2 கெல்வினில் மீக்கடத்தி. ஆக, ‘நல்ல கடத்தி’ என்பதும் ‘மீக்கடத்தி’ என்பதும் ஒரே படிக்கட்டின் கீழ்ப்படியும் மேல்படியும் என்று நினைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

அதிர்வு வழி இணைசேர்தலுக்குச் சான்றும் வலுவானது. 1950-லேயே பாதரசத்தின் வெவ்வேறு ஐசோடோப்புகளை (எடை மட்டும் மாறும் அணு வகைகளை) எடுத்துப் பார்த்திருந்தார்கள். அணுவின் எடை கூடக் கூட மாறுநிலை வெப்பநிலை, அதாவது மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலை, இறங்கியது. எலக்ட்ரான்களுக்கு அணுக்கருவின் எடை பற்றி என்ன கவலை? அதிர்வு நடுவில் இருந்தால் மட்டுமே அந்த எடை கணக்கில் வரும்.

இந்த வழியின் பலவீனம், அதிர்வின் ஆற்றல் சிறியது என்பது. கொஞ்சம் சூடானாலும் இணைகள் பிரிந்துவிடும். எத்தனையோ உலோகக் கலவைகளைச் சோதித்த பிறகும் 1973-ல் நியோபியம்-ஜெர்மானியம் சேர்மத்தில் எட்டிய 23 கெல்வினே உச்சமாக இருந்தது. அதிர்வுத் தொடர்பை இன்னும் பலப்படுத்தினால் படிகமே உருமாறிவிடும், 30 அல்லது 40 கெல்வினைத் தாண்டுவது கடினம் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. அந்தக் காலத்தில் புதிய மீக்கடத்திகளைத் தேடுவதில் பெரும் கை பெர்ண்ட் மத்தியாஸ். அவர் பெயரில் வழங்கிய அனுபவ விதிகளில் மூன்று: ஆக்சிஜன் பக்கம் போகாதே, காந்தப் பொருள் பக்கம் போகாதே, மின்காப்பான் பக்கம் போகாதே.

1986-ல் வந்த பொருள் மூன்று விதியையும் ஒரே நேரத்தில் மீறியது. சூரிச் அருகே ரூஷ்லிகோனில் இருக்கும் ஐபிஎம் ஆய்வகத்தில் ஜார்ஜ் பெட்னோர்ட்ஸும் அலெக்ஸ் முல்லரும் லாந்தனம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் கொண்ட ஒரு சேர்மத்தைக் குளிர்வித்தார்கள். 30 கெல்வினைத் தாண்டிய நிலையிலேயே மின்தடை சரியத் தொடங்கியது. பிரான்சின் கான் நகர வேதியியலாளர்கள் ஏற்கெனவே தயாரித்து வெளியிட்டிருந்த சேர்மம்தான் அது. அவர்கள் வேறு பயன்களுக்காக அதை ஆராய்ந்தார்கள், அத்தனை தாழ்ந்த வெப்பநிலைக்குக் கொண்டுபோகவில்லை. மறு வருடமே பெட்னோர்ட்ஸுக்கும் முல்லருக்கும் நோபல் பரிசு வந்துவிட்டது.

1987 தொடக்கத்தில் ஹூஸ்டனில் பால் சூவின் குழுவும் அலபாமாவில் மாவ்-குவென் வூவின் குழுவும் சேர்ந்து லாந்தனத்தின் இடத்தில் இட்ரியத்தை வைத்தார்கள். 93 கெல்வின் வந்தது. திரவ நைட்ரஜன் கொதிப்பது 77 கெல்வினில். விலை உயர்ந்த ஹீலியம் இல்லாமலே வேலை நடக்கும் என்றானது. அந்த மார்ச் மாதம் நியூயார்க்கில் ஓர் ஓட்டலில் நடந்த அமெரிக்க இயற்பியல் கழகக் கூட்டத்தில், இடமில்லாமல் நடைபாதையில் திரைகளைப் பார்த்துக்கொண்டு நின்ற கூட்டம் விடியற்காலை வரை கலையவில்லை.

இந்த இட்ரியம் சேர்மத்தை ஆய்வகத்தில் ‘1-2-3’ என்றே சொல்வார்கள். இட்ரியம் ஒன்று, பேரியம் இரண்டு, செம்பு மூன்று. இதை ஒரு கல்லூரி ஆய்வகத்திலேயே தயாரிக்க முடியும், அதில் பாடம் நிறைய இருப்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இட்ரியம் ஆக்சைடும் பேரியம் கார்பனேட்டும் வெள்ளைப் பொடிகள், காப்பர் ஆக்சைடு கறுப்பு. அணுக்களின் எண்ணிக்கை 1:2:3 வருமாறு எடைபோட்டு, அகேட் கல்வத்தில் சாம்பல் நிறம் சீராக வரும்வரை அரைக்க வேண்டும். பேரியம் கார்பனேட் நச்சு, முகமூடியும் கையுறையும் கட்டாயம். உலையில் 900 முதல் 950 டிகிரி செல்சியஸ் வரை பல மணி நேரம் சுட்டு, எடுத்து மறுபடி அரைத்து, வில்லையாக அழுத்தி, மறுபடி சுட வேண்டும். சரியாக வந்தால் வில்லை கறுப்பாக இருக்கும். பச்சைப் பொட்டுகள் தெரிந்தால் விகிதமோ சூடோ தவறிவிட்டது. அது 2-1-1 என்ற வேறு சேர்மம், மின்காப்பான்.

கறுப்பாக வந்துவிட்டாலும் வேலை முடியவில்லை. கடைசிக் கட்டத்தில் ஆக்சிஜன் வாயுவைப் பாய்ச்சிக்கொண்டே, 400-500 டிகிரி அளவில் நீண்ட நேரம் வைத்து, மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டோடு வெளியே எடுத்துவிட்டால் அதே படிகம், அதே உலோக அணுக்கள், ஆனால் மீக்கடத்துத்திறன் கிடையாது. ஒரு அலகுக்கு ஆக்சிஜன் அணுக்கள் 6 இருந்தால் அது மின்காப்பான். ஏறத்தாழ 6.4-ல் மீக்கடத்துத்திறன் தலைகாட்டும். 6.9-ஐ ஒட்டி 93 கெல்வின். ஒரு அணுவுக்கும் குறைவான ஆக்சிஜன் கூடுவதில் ஒரு மின்காப்பான் மீக்கடத்தியாக மாறுகிறது. கேள்விக்கான விடையின் திறவுகோல் இதில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

இந்தக் கூடுதல் ஆக்சிஜன் என்ன செய்கிறது? படிகத்தை அடுக்கு அடுக்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நடுவில் செம்பும் ஆக்சிஜனும் சதுரக் கட்டங்களாகப் பரவிய தளங்கள். ஒவ்வொரு மூலையிலும் ஒரு செம்பு, இரண்டு செம்புக்கு நடுவில் ஒரு ஆக்சிஜன். இந்தத் தளங்களுக்கு மேலும் கீழும் மற்ற அணுக்களின் அடுக்குகள். 1-2-3 சேர்மத்தில் செம்பு-ஆக்சிஜன் சங்கிலிகளும் தனியாக ஓடுகின்றன. நாம் ஊட்டிய ஆக்சிஜன் போய் உட்காருவது அந்தச் சங்கிலிகளில்தான். அங்கிருந்தபடி அது தளங்களிலிருந்து எலக்ட்ரான்களை இழுத்துக்கொள்கிறது. எலக்ட்ரான் போன இடத்தில் தளத்தில் ஒரு துளை மிஞ்சுகிறது. லாந்தனம் சேர்மத்தில் இதே வேலையைச் செய்வது, மும்மை மின்சுமையுள்ள லாந்தனத்தின் இடத்தில் புகும் இருமை மின்சுமையுள்ள பேரியம் அல்லது ஸ்ட்ரான்ஷியம். வேறு அணுக்களைக் கொஞ்சம் கலப்பது என்று குறைகடத்திகளில் படித்த மாசூட்டல்தான் இது.

மீக்கடத்தல் தளங்களில்தான் நடக்கிறது என்பதற்கு அழகான சோதனை உண்டு. இட்ரியத்தை எடுத்துவிட்டு அங்கே கடோலினியத்தை வைத்தார்கள். கடோலினியம் பலமான காந்தத் தன்மை உள்ள அயனி. சாதாரண மீக்கடத்தியில் ஒரு விழுக்காடு கலந்தாலே இணைகளைக் குலைத்துவிடும். இங்கே முழு இட்ரியத்தையும் மாற்றிய பிறகும் 90 கெல்வினுக்கு மேலேயே நின்றது! இட்ரியம் வெறும் இடைவெளி நிரப்பி, அவ்வளவுதான். ஆனால் தளத்திலுள்ள செம்புக்குப் பதில் காந்தமே இல்லாத துத்தநாகத்தைச் சில விழுக்காடு வைத்தால் வெப்பநிலை சடசடவென்று சரிகிறது. பழைய மீக்கடத்திகளில் காந்தம் பகை, காந்தமில்லாத மாசு பெரிய தொல்லை இல்லை. இங்கே எல்லாம் தலைகீழ்.

சரி, அந்தத் தளத்தில் அப்படி என்ன விசேஷம்? துளைகளே இல்லாத தாய்ச் சேர்மத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு செம்பு அயனியிலும் வெளிப்புற ஆர்பிட்டாலில் ஒரே ஒரு இணையற்ற எலக்ட்ரான். பாடப்புத்தகப் பட்டைக் கொள்கைப்படி பாதி நிரம்பிய பட்டை என்றால் உலோகம். நிஜத்தில் இது மின்காப்பான். எல்லா இருக்கையிலும் ஆளுக்கொருவர் உட்கார்ந்துவிட்ட ஒரு பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மடியில் இன்னொருவர் உட்கார யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அதனால் ஒருவரும் இடம் மாற முடியாது. ஓரிரு இருக்கை காலியானால் மட்டுமே நகர்வு சாத்தியம். ஒரே செம்பில் இரண்டு எலக்ட்ரான்கள் சேர்ந்திருக்க வேண்டிய ஆற்றல் அவ்வளவு அதிகம். இப்படி விலக்கத்தால் மட்டுமே மின்காப்பானாகும் பொருளை, நெவில் மாட் என்ற இயற்பியலாளரின் பெயரால் மாட் மின்காப்பான் என்கிறோம்.

இடம் மாற முடியாவிட்டாலும் எலக்ட்ரான்களுக்கு ஸ்பின் என்ற காந்தத் திசை உண்டு. பக்கத்துச் செம்பில் இருக்கும் எலக்ட்ரான் எதிர்த் திசை ஸ்பின் கொண்டதாக இருந்தால், இரண்டும் நடுவிலுள்ள ஆக்சிஜன் வழியாகக் கணநேரம் எட்டிப்பார்த்துத் திரும்ப, ஒரே நிலையில் ஒரே ஸ்பின் கொண்ட இரண்டு எலக்ட்ரான்கள் இருக்கக் கூடாது என்னும் பவுலி விதி இடம் தருகிறது. அதனால் ஆற்றல் கொஞ்சம் குறைகிறது. ஒரே திசை என்றால் அந்த வாய்ப்பு இல்லை. விளைவாக ஸ்பின்கள் மேல்-கீழ்-மேல்-கீழ் என்று ஒன்றுவிட்டு ஒன்று மாறி நிற்கின்றன. இதுவே எதிர் ஃபெர்ரோ காந்த ஒழுங்கு. லாந்தனம் காப்பர் ஆக்சைடில் இந்த ஒழுங்கு அறை வெப்பநிலையையும் தாண்டி நிற்கிறது. அண்டை ஸ்பின்களுக்கு இடையேயான பிணைப்பின் வலிமை வெப்பநிலைக் கணக்கில் ஏறத்தாழ 1500 கெல்வினுக்கு ஈடு. அதிர்வு வழி இணைசேர்தலில் கிடைக்கும் ஆற்றல்களோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரியது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது துளைகளைச் சேர்ப்போம். செம்பு ஒன்றுக்கு 2 விழுக்காடு துளை சேர்ந்ததுமே நீண்டதூரக் காந்த ஒழுங்கு உடைகிறது. 5 விழுக்காட்டை ஒட்டி மீக்கடத்துத்திறன் தொடங்குகிறது. 16 விழுக்காட்டில் உச்சம். 27 விழுக்காட்டுக்கு மேல் மறைந்து, அந்தப் பொருள் சாதாரண உலோகமாகிவிடுகிறது. வரைபடத்தில் இது ஒரு குவிமாடம் போலத் தெரியும். பெரும்பாலான குப்ரேட்டுகளுக்கு (காப்பர் ஆக்சைடு மீக்கடத்திகளின் பொதுப்பெயர் இது) இதே குவிமாடம்தான்.

காந்த ஒழுங்கு உடைந்த பிறகும் ஸ்பின்களுக்கு இடையேயான அந்த 1500 கெல்வின் விருப்பம் எங்கும் போய்விடுவதில்லை. நியூட்ரான் சிதறல் சோதனைகளில் அதன் அலைகள் மீக்கடத்தும் நிலையிலும் தெரிகின்றன. எதிரெதிர் ஸ்பின் கொண்ட அண்டை எலக்ட்ரான்கள் ஒன்றாக இருக்க விரும்புகின்றன, துளைகள் இருப்பதால் இப்போது நகரவும் முடிகிறது. நகரக்கூடிய, எதிர் ஸ்பின் கொண்ட இரட்டை என்றால் அதுதான் நமக்கு வேண்டிய இணை.

இந்தப் பார்வையை முதலில் முழு உருவில் முன்வைத்தவர் பிரின்ஸ்டனின் பிலிப் ஆண்டர்சன். 1987 ஜனவரியில் பெங்களூரில் நடந்த ஒரு மாநாட்டில் அவர் இதைப் பேசினார். அப்புறம் இசட். ஸோ (ஹூஸ்டனின் பால் சூ அல்ல), ஆண்டர்சன் இருவருடன் சேர்ந்து இதற்கு முதல் கணித வடிவம் கொடுத்தவர், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஜி. பாஸ்கரன். மாட் மின்காப்பானுக்குள்ளேயே எலக்ட்ரான்கள் ஏற்கெனவே இரட்டை இரட்டையாக உறவாடிக்கொண்டிருக்கின்றன, துளை சேர்த்ததும் அந்த இரட்டைகள் மின்சாரம் சுமக்கத் தொடங்குகின்றன என்பது அவர்கள் கருத்து. ஸ்பின் அலைகளே இணைசேர்க்கும் ஊடகம் என்று சொல்லும் இன்னொரு பள்ளியும் உண்டு. இரண்டு பள்ளிக்கும் கணித மொழி வேறு. ஆனால் மூலகாரணம் விலக்கமும் அதிலிருந்து பிறக்கும் காந்த உறவும் என்பதில் இரண்டும் ஒன்றே என்பது என் வாசிப்பு.

ஒன்றையொன்று வெறுக்கும் எலக்ட்ரான்கள் எப்படி இணை சேரும் என்று இன்னும் உறுத்தலாம். இணையின் வடிவம் அதற்குப் பதில் சொல்கிறது. பழைய மீக்கடத்திகளில் இணையின் அலைச்சார்பு (எலக்ட்ரான்கள் எங்கே இருக்க வாய்ப்பு என்பதைச் சொல்வது) எல்லாத் திசையிலும் ஒன்றுபோல உருண்டையாக இருக்கும், இரண்டு எலக்ட்ரான்களும் ஒரே இடத்தில் இருக்கும் வாய்ப்பு உண்டு. குப்ரேட்டுகளில் அது நான்கு இதழ் கொண்ட டி-அலை வடிவம். இதழ்களின் குறி கூட்டல், கழித்தல், கூட்டல், கழித்தல் என மாறி வருகிறது. நட்ட நடுவில், அதாவது இரண்டும் ஒரே செம்பில் இருக்கும் புள்ளியில், அலைச்சார்பின் மதிப்பு பூஜ்யம். இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் செம்பில்தான் இருக்கும். விலக்கத்துக்கு உடன்பட்டுக்கொண்டே இணை சேர இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது.

இது வெறும் ஊகம் இல்லை, நேரடியாகச் சோதித்துவிட்டார்கள். 1994-ல் ஐபிஎம் ஆய்வகத்தில் சுயேயும் கிர்ட்லியும், வெவ்வேறு கோணத்தில் திரும்பிய மூன்று படிகத் துண்டுகள் ஒரு புள்ளியில் சந்திக்கும்படி 1-2-3 படலத்தை வளர்த்து, அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு நுண் வளையம் செய்தார்கள். மீக்கடத்தி வளையத்துக்குள் காந்தப் பாயம் (அதன் ஊடே செல்லும் காந்தப்புலத்தின் மொத்த அளவு) குவாண்டம் அலகின் முழு மடங்காக மட்டுமே இருக்கலாம் என்பது விதி. இணையின் குறி உண்மையிலேயே மாறுமானால், இந்த வளையத்தைச் சுற்றி வரும்போது ஒரு குறிமாற்றம் மிஞ்சி, சரியாக அரை அலகு பாயம் தானாகத் தோன்ற வேண்டும். தோன்றியது. குப்ரேட் இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். எந்தக் கொள்கையையும் நம்பாமல், இணையின் வடிவத்தை மட்டும் கேட்டு, சந்தேகமில்லாத பதில் வாங்கியது.

ஐசோடோப்பு சோதனையையும் இங்கே திரும்பச் செய்தார்கள். உச்ச நிலை 1-2-3 சேர்மத்தில் சாதாரண ஆக்சிஜனை எடுத்துவிட்டு கனமான ஆக்சிஜன்-18 வைத்தால் மாறுநிலை வெப்பநிலை அரை கெல்வின்கூட நகரவில்லை. அதிர்வுக்கு எந்தப் பங்கும் இல்லை என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. துளை குறைவான சேர்மங்களில் ஐசோடோப்பு விளைவு தெரியத்தான் செய்கிறது. ஆனால் அதிர்வு இங்கே தலைமைப் பாத்திரம் இல்லை.

இன்னும் அண்மையில், 2022-ல், ஷேமஸ் டேவிஸ் குழு பிஸ்மத் குப்ரேட்டில் ஒரு அருமையான அளவீடு செய்தது. அந்தப் படிகத்தில் இயல்பாகவே ஒரு நெளிவு உண்டு. செம்புக்கும் அதன் தலைக்கு மேலுள்ள ஆக்சிஜனுக்கும் உள்ள தூரம் இடத்துக்கு இடம் கூடிக் குறையும். அந்தத் தூரம் மாறினால், எலக்ட்ரான் ஆக்சிஜனிலிருந்து செம்புக்குத் தாவத் தேவையான ஆற்றலும் மாறும், அதன் வழியே ஸ்பின் பிணைப்பும் மாறும். மீக்கடத்தி முனை கொண்ட ஊடுருவல் நுண்ணோக்கியால் இணைகளின் அடர்த்தியை அணு அளவில் வரைந்து பார்த்தார்கள். தாவும் ஆற்றல் குறைந்த இடங்களில் இணை அடர்த்தி கூடியிருந்தது, அதுவும் ஸ்பின் பிணைப்புக் கொள்கை எதிர்பார்த்த அளவில்.

அப்படியானால், பிணைப்பு 1500 கெல்வின் என்றால் மாறுநிலை வெப்பநிலை ஏன் 100, 130 என்று நின்றுவிடுகிறது? இணை சேர்வது வேறு, சேர்ந்த இணைகள் எல்லாம் ஒரே கட்டத்தில், அதாவது அலைகளின் ஏற்ற இறக்கம் ஒன்றாக, ஒத்து நகர்வது வேறு. பழைய உலோகங்களில் இரண்டும் ஒரே வெப்பநிலையில் நடந்துவிடும். குப்ரேட்டில் துளைகள் குறைவாக இருக்கும் பக்கத்தில் இணைசேரும் விருப்பம் பலமாக இருக்கிறது, ஆனால் மின்சாரம் சுமக்க ஆள் குறைவு. அதனால் வெப்பத்தில் கட்ட ஒற்றுமை எளிதில் குலைகிறது. 1989-ல் உயேமுராவின் குழு மியூவான்கள் என்ற நுண்துகள்களைக் கொண்டு அளந்தபோது, இந்தப் பக்கத்தில் மாறுநிலை வெப்பநிலை மீக்கடத்தும் இணைகளின் அடர்த்தியோடு நேர்விகிதத்தில் போவது தெரிந்தது. துளைகள் அதிகமாகும் பக்கத்தில் சுமக்க ஆள் உண்டு, காந்த உறவு நீர்த்துப்போய் இணைசேரும் பலம் குறைகிறது. இரண்டும் சமரசமாகும் இடம்தான் குவிமாடத்தின் உச்சி.

தளங்களை ஒட்டி ஒட்டி அடுக்கினாலும் பலன் உண்டு. பாதரசம் கலந்த குப்ரேட்டில் ஒரு தளம் இருந்தால் 90-களில், இரண்டு இருந்தால் 120-களில், மூன்று இருந்தால் 133 கெல்வின் அளவில். 1993-ல் சூரிச்சில் எட்டிய அந்த மதிப்பு, சாதாரண அழுத்தத்தில் குப்ரேட்டுகளின் உச்சமாக நீண்ட காலம் நின்றது. மூன்று லட்சம் வளிமண்டல அழுத்தத்தில் அதே பொருள் 164 வரை போனது. நான்காவது தளத்தைச் சேர்த்தால் கூடும் என்று பார்த்தால், இறங்குகிறது. உள்ளே மாட்டிக்கொண்ட தளங்களுக்குப் போதிய துளைகள் போய்ச் சேருவதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் முழுக் கொள்கை இன்னும் ஏன் இல்லை? சதுரக் கட்டம், தாவும் எலக்ட்ரான், ஒரே இடத்தில் இரண்டு இருந்தால் தண்டனை என்ற மூன்றே அம்சம் கொண்ட ஹப்பார்ட் மாதிரியை ஒரு வரியில் எழுதிவிடலாம். தீர்ப்பதுதான் பாடு. ஒரு இடத்துக்கு நான்கு நிலைகள் என்றால் 20 இடங்களுக்கே சாத்தியங்கள் ஒரு லட்சம் கோடியைத் தாண்டும். தோராய முறைகள் எல்லாம் விலக்கம் சிறியதாக இருந்தால்தான் கைகொடுக்கும், இங்கே விலக்கம்தான் எல்லாமே. கோடுகளாக மின்சுமை அடுக்கும் நிலை, மீக்கடத்தும் நிலை, காந்த நிலை எல்லாம் ஆற்றலில் மயிரிழை வித்தியாசத்தில் போட்டிபோடுகின்றன. 2024-ல் வெளியான பெரிய கணினிக் கணக்கு ஒன்றில், மூலைவிட்டத் தாவலையும் சேர்த்துக்கொண்டால் இந்த எளிய மாதிரியிலேயே டி-அலை மீக்கடத்தல் வருவதாகக் காட்டினார்கள். பெரிய முன்னேற்றம் அது.

மீக்கடத்தாத நிலைதான் இன்னும் கடினமான புதிர். உச்ச அளவுத் துளைகள் உள்ள குப்ரேட்டைச் சூடாக்கினால் மின்தடை வெப்பநிலையோடு நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போகிறது. சாதாரண உலோகங்களுக்கான கோட்பாடு இத்தனை அகலமான வெப்பநிலை வரம்பில் அப்படி ஒரே கோட்டைத் தருவதில்லை. துளை குறைந்த பக்கத்தில், மாறுநிலைக்கு வெகு மேலேயே ஆற்றல் இடைவெளி ஒன்று அரைகுறையாகத் திறந்துகொள்கிறது. அது இணைகளின் முன்னோட்டமா, இன்னொரு ஒழுங்கின் போட்டியா என்று இன்னும் சண்டை. எதிலிருந்து மீக்கடத்தல் பிறக்கிறதோ அந்த நிலையே சரியாகப் புரியாதபோது, இந்தப் பொருளைச் செய்தால் இத்தனை கெல்வின் வரும் என்று கணித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை.

எல்லா உயர் வெப்பநிலை மீக்கடத்தியும் குப்ரேட் இல்லை. 2008-ல் டோக்கியோவில் ஹிதேயோ ஹோசோனோவின் குழு இரும்பும் ஆர்சனிக்கும் கொண்ட சேர்மத்தில் 26 கெல்வினைக் கண்டது. சில மாதங்களில் சீனக் குழுக்கள் அதை 55-க்குக் கொண்டுபோயின. இரும்பு மீக்கடத்தலுக்கு விஷம் என்று நம்பியிருந்த துறை அது! அங்கேயும் அடுக்கு அமைப்பு, அங்கேயும் தாய்ச் சேர்மம் எதிர் ஃபெர்ரோ காந்தம். ஆனால் அது மாட் மின்காப்பான் இல்லை, சுமாரான உலோகம். காந்தத்தின் விளிம்பில் நிற்பது பொது, மற்றவை மாறலாம் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

ஹைட்ரஜன் சேர்மங்கள் வேறு சாதி. 2015-ல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் மிகயீல் எரெமெட்ஸ் குழு கந்தக ஹைட்ரைடை 15 லட்சம் வளிமண்டல அழுத்தத்தில் நசுக்கி 203 கெல்வினையும், 2019-ல் லாந்தனம் ஹைட்ரைடில் 250 கெல்வினையும் எட்டியது. இங்கே வேலை செய்வது பழைய அதிர்வு வழிதான். ஹைட்ரஜன் மிக இலேசான அணு, வேகமாக அதிரும், அதனால் அதிர்வின் ஆற்றல் பெரியது. ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் வைத்தால் வெப்பநிலை பல பத்து கெல்வின் இறங்குகிறது, குப்ரேட்டில் காணாமல் போன ஐசோடோப்பு விளைவு இங்கே முழுசாகத் திரும்பி வருகிறது. எண்ணைப் பார்த்தால் குப்ரேட்டை மிஞ்சிவிட்டது. இரண்டு வைர முனைகளுக்கு நடுவில் மயிரிழை அகலத் துணுக்காக மட்டுமே அது உயிர்வாழ்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

செம்பு இருந்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. 2023-ல் பரபரப்பான எல்கே-99 என்ற ஈயப் பாஸ்பேட் சேர்மத்திலும் செம்பு கலந்திருந்தது. அறை வெப்பநிலை மீக்கடத்தி என்ற அறிவிப்புக்குப் பிறகு ஸ்டுட்கார்ட்டில் தூய படிகம் வளர்த்துப் பார்த்தார்கள். ஊதா நிறத்தில், கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிந்த மின்காப்பான். மின்தடையில் தெரிந்த சரிவுக்குக் காரணம் கலப்படமாக வந்த காப்பர் சல்ஃபைடு. செம்பு அணுக்கள் ஆக்சிஜன் வழியாக ஒன்றோடொன்று இணைந்து சதுரத் தளம் கட்டியிருக்க வேண்டும், அதில்தான் எல்லாம் இருக்கிறது.

பயன்பாடு பற்றி ஒரு வார்த்தை. குப்ரேட்டில் ஒரு இணையின் அளவு ஓரிரு நானோமீட்டர்தான், அலுமினியத்தில் அது ஆயிரம் நானோமீட்டருக்கு மேல். இணை அவ்வளவு சிறியது என்பதால் படிகத் துகள்களின் எல்லையில் சில டிகிரி கோணம் தவறினாலே மின்னோட்டம் அங்கே அடிபடுகிறது. உடையும் பீங்கானை நீளமான நாடாவாக, எல்லாத் துகள்களும் ஒரே திசையில் நிற்கும்படி வளர்க்கக் கற்றுக்கொள்ள இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்த நாடாவைச் சுற்றித்தான் 2021-ல் எம்ஐடி-யில் 20 டெஸ்லா இணைவு உலைக் காந்தம் இயங்கியது.

கடைசியாக, மேலே சொன்ன விளக்கத்தைச் சோதிக்கும் வழி. செம்பு இல்லாமல் அதே சூழலை உருவாக்கினால் மீக்கடத்தல் வர வேண்டும். ஒற்றை மின்சுமை கொண்ட நிக்கல் அயனிக்கும் இரட்டை மின்சுமை கொண்ட செம்பு அயனிக்கும் வெளிப்புற எலக்ட்ரான் அமைப்பு ஒன்றே. 2019-ல் ஸ்டான்ஃபோர்டில் ஹெரால்ட் ஹுவாங் குழு ஒரு நிக்கல் ஆக்சைடு படலத்தை வளர்த்து, கால்சியம் ஹைட்ரைடு கொண்டு அதிலிருந்து தளத்துக்கு மேலும் கீழுமிருந்த ஆக்சிஜன்களை மட்டும் பிடுங்கி எடுத்தது. மிஞ்சியது குப்ரேட்டைப் போன்ற சதுரத் தளம். அது 9 முதல் 15 கெல்வினில் மீக்கடத்தியானது. ஆனால் அதன் தாய்ச் சேர்மத்தில் குப்ரேட் போன்ற நீண்டதூரக் காந்த ஒழுங்கு தென்படவில்லை, ஆகவே ஒப்புமை முழுமையானது இல்லை. 2023-ல் சீனாவின் சுன் யாட்-சென் பல்கலைக்கழகக் குழு, இரட்டைத் தளம் கொண்ட வேறொரு லாந்தனம் நிக்கலேட்டை (நிக்கல் ஆக்சைடு சேர்மத்தை) ஒன்றரை லட்சம் வளிமண்டல அழுத்தத்தில் வைத்து 80 கெல்வின் அருகே மீக்கடத்தலைக் கண்டது. அதன் பிறகு, அழுத்திப் பிடிக்கும் அடித்தளப் படிகத்தின் மேல் அதே சேர்மத்தை மெல்லிய படலமாக வளர்த்து, சாதாரண அழுத்தத்திலேயே 40 கெல்வின் அளவில் மின்தடை சரியத் தொடங்குவதைக் காட்டியிருக்கிறார்கள். இந்த நிக்கலேட்டில் இணையின் வடிவம் டி-அலையா, இரும்புச் சேர்மங்களுக்குச் சொல்லப்படுவது போன்றதா என்பதை முடிவுசெய்ய, சுயேயும் கிர்ட்லியும் செய்ததைப் போன்ற ஒரு வளையச் சோதனை வர வேண்டும்.